பறிக்காத இலை

அந்தக் காலத்தில், அதாவது உலகத்தைச் செய்து முடித்த ஈரம் இன்னும் காயாத காலத்தில், பறவைகளும் மிருகங்களும் வாய் திறந்து பேசின. கொஞ்சம் அதிகமாகவே பேசின. அவற்றிலும் அதிகமாகப் பேசியவள் ஏதேன் தோட்டத்தில் இருந்த ஒரு சிட்டு. கட்டைவிரல் அளவு உடம்பு. குரலோ தோட்டத்தின் இந்த மூலையில் எழுந்தால் அந்த மூலையில் தூங்குகிற யானை விழித்துக்கொள்ளும். பறவைகளை ஆண்டவர் ஐந்தாம் நாளே படைத்துவிட்டார். மனிதர்கள் ஆறாம் நாள்தான் வந்தார்கள். அதனால் தனக்கு ஒரு மூப்பு உண்டென்று அவளுக்கு நினைப்பு. ஏவாளைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவாள். ஏவாளும் சிரித்துக்கொண்டே "அக்கா" என்பாள்.

அப்போது சிட்டுக்குக் கூடு கட்டத் தெரியாது. தேவையும் இல்லை. புல்மேல் முட்டையிட்டுவிட்டு ஊர்சுற்றப் போனால், சிங்கம்கூடக் காலை ஒதுக்கிவைத்து நடக்கும். பாம்பு நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகும். யாரும் யாரையும் தின்னாத நாட்கள் அவை.

ஒரு பிற்பகலில் ஏவாள் கை நிறைய அத்தி இலைகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னடி இது? அத்திமரத்தையே மொட்டையடித்துவிட்டாயா?" என்றாள் சிட்டு.

"அக்கா, கத்தாதே. இதையெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்க்கவேண்டும். உன் மூக்குத்தான் கூர்மையாக இருக்கிறது."

"எதற்கு?"

"உடம்பை மூடிக்கொள்ள."

"இன்றைக்குக் காலைவரைக்கும் மூடாமல்தானே திரிந்தாய்? யார் உன்னை என்ன சொன்னார்கள்?"

ஏவாள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், புதருக்குள் ஆதாம் குந்தியிருந்தான். அவன் மோவாயில் பழச்சாறு இன்னும் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை மனிதனுக்கு. சிட்டுக்கு விளங்கிவிட்டது. அத்தனை பெரிய தோட்டத்தில் ஆண்டவர் தொடாதே என்று சொன்னது ஒரே ஒரு மரம். பாம்பின் பேச்சைக் கேட்டுக்கொண்டு அதைப் போய்த் தொட்டிருக்கிறார்கள்.

பறந்து போயிருக்கலாம். எனக்கென்ன வந்தது என்று இருந்திருக்கலாம். ஆனால் ஏவாளின் விரல்கள் நடுங்கின. கை நடுங்குகிறவளுக்கு முதலில் வேலையைச் செய்து கொடுக்க வேண்டும், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்பது சிட்டின் கட்சி. அப்புறம் வரைக்கும் பொறுமை இல்லாததால் திட்டிக்கொண்டே தைத்தாள். இலையோரத்தில் அலகால் துளை போட்டாள். சிலந்தியிடம் வாங்கிய நூலை இழுத்தாள். அழகான தையல். ஆனால் அவள் பக்கத்து இலைக்குப் போவதற்குள் முந்தைய இலை சுருங்கத் தொடங்கியது. உடுத்திக்கொண்டு ஏவாள் எழுந்து நின்றபோதே நுனிகள் பழுப்பாகியிருந்தன.

சாயங்காலக் குளிர்காற்று வந்தது. அதோடு ஆண்டவர் நடந்துவரும் ஓசையும் வந்தது. தினமும் அந்த ஓசை கேட்டால் குழந்தைகள் மாதிரி எதிரே ஓடுகிறவர்கள், அன்றைக்கு மரங்களுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். சிட்டும் ஒரு இலைக்கடியில் புகுந்துகொண்டாள்.

"எங்கே இருக்கிறாய்?" என்று ஆண்டவர் கூப்பிட்டார்.

அவருக்குத் தெரியாதா என்ன! கூப்பிட்டால் வருவார்களா என்று பார்க்கத்தான் கூப்பிட்டார்.

ஆதாம் வந்தான். வந்ததும் ஏவாளைக் கைகாட்டினான். "நீர் கொடுத்த பெண்தான்" என்று, ஆண்டவர்மேலேயும் ஒரு பங்கு வைத்தான். ஏவாள் பாம்பைக் கைகாட்டினாள். பாம்புக்குக் கைகாட்ட ஆள் கிடைக்கவில்லை. அவரவருக்குரிய தண்டனையை ஆண்டவர் சொன்னார். பாம்பு வயிற்றால் ஊர்ந்து மண்ணைத் தின்னவேண்டும். ஏவாள் வலியோடு பிள்ளை பெறவேண்டும். ஆதாம் வேர்வை சிந்தியே சோறு தின்னவேண்டும். இருவரும் தோட்டத்தைவிட்டு வெளியே போகவேண்டும்.

பிறகு அந்த இலையாடையைப் பார்த்தார்.

"இந்தத் துளைகள் யார் போட்டது?"

ஏவாள் தரையைப் பார்த்தாள். பழி கைமாறிக் கைமாறி வந்த அந்த நேரத்திலும் சிட்டின் பெயரை மட்டும் அவள் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. ஏவாளைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

சிட்டு இன்னும் இலைக்கடியில்தான் இருந்தாள். சும்மா இருந்தால் தப்பிவிடலாம். ஆனால் சும்மா இருப்பது அவள் பிறவியிலேயே இல்லை.

"நான்தான்!" என்று வெளியே வந்து விழுந்தாள். "இங்கே இருக்கிறேன், ஆண்டவரே. என் மூக்குத்தான் துளை போட்டது. இவள் கேட்டாள், நான் செய்தேன். எனக்கும் ஏதாவது கொடுக்கவேண்டும் என்றால் கொடுத்துவிடும். காத்திருக்க என்னால் ஆகாது."

ஆண்டவர் ஓர் இலையைத் தொட்டார். அது நொறுங்கி உதிர்ந்தது.

"உன் தையலில் குறையில்லை," என்றார்.

"பின்னே ஏன் நிற்கவில்லை?"

"பறித்த இலை," என்றார். அவ்வளவுதான். சாபம் எதுவும் வரவில்லை. ஏச்சுக்குத் தயாராகச் சிறகை இறுக்கிக்கொண்டு நின்றவளுக்கு அது வராமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. அழுதாள்.

அடுத்து நடந்தது அந்தத் தோட்டம் பார்த்திராதது. ஆண்டவர் ஒரு செம்மறியாட்டை அழைத்தார். அது எதற்கென்று கேட்காமல் வந்தது. அதுவரை அந்தத் தோட்டத்தில் யாரும் செத்ததில்லை. செத்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். தப்புச் செய்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். செய்யாதது படுத்துக் கிடந்தது. அதன் தோலை எடுத்து ஆண்டவர் ஆடை தைக்க உட்கார்ந்தார்.

வீட்டைவிட்டுப் போ என்று சொன்ன பிறகு, குளிருமே என்று உட்கார்ந்து துணி தைத்துக் கொடுக்கிறவர் எங்கேயாவது உண்டா? நம்முடைய வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்வதைத்தான் பார்த்திருக்கிறோம்.

"சிட்டே, நூலைப் பிடி," என்றார் ஆண்டவர்.

தோலில் துளைபோடச் சிட்டின் அலகுக்கு வலுவில்லை. துளையை அவரே போட்டார். அவள் நூலை இழுத்துக் கொடுத்தாள். "நுனியைப் பிசிறாக்கி விடு, உருவாது," என்று அவர் சொல்லிக்கொடுத்தார். வேலை முடிந்ததும் ஒரு விரலால் அவள் உச்சந்தலையைத் தடவினார். அந்த விரலில் ஆட்டின் இரத்தம் இருந்தது. அவள் தலையில் செம்பழுப்பாக ஒட்டிக்கொண்டது. எத்தனை மழையில் நனைந்தும் அது போகவில்லை.

ஆதாமும் ஏவாளும் வாசலைத் தாண்டினார்கள். சிட்டை யாரும் போகச் சொல்லவில்லை. இருந்தாலும் அவள் கிளம்பினாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்றான் அவள் வீட்டுக்காரன். பாடுவதைத் தவிர வேறு வேலை அறியாதவன். "உள்ளே பழம், நிழல், தண்ணீர். வெளியே முள்."

"அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அவளை விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்து பழம் கொத்தட்டுமா? வருகிறதானால் வா. பாட்டை அங்கேயும் பாடலாம்."

அவன் வந்தான்.

வெளியே எல்லாம் மாறியிருந்தது. புல்லுக்கு நடுவில் முள் இருந்தது. சிங்கம் இப்போது யாரைப் பார்த்தாலும் நாக்கால் வாயை நக்கிக்கொண்டது. பாம்பு மண்ணில் வயிறு தேய ஊர்ந்துவந்து, தலையை மட்டும் தூக்கிச் சிட்டைப் பார்த்தது.

"வயிறு கனத்திருக்கிறது போலிருக்கிறதே?" என்றது. "நல்லது. எனக்கும் மண்ணைத் தின்று தின்று நாக்குச் செத்துவிட்டது."

சிட்டுக்கு முதன்முறையாகப் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. முட்டையைப் புல்மேல் வைக்க முடியாது. மறைவு வேண்டும். தனக்குத் தெரிந்தது ஒன்றுதானே? அகலமான இலைகளாகப் பார்த்துப் பறித்துக் கிளைக்கவட்டில் கொண்டுவந்து வைத்தாள். ஏவாளுக்குத் தைத்ததைவிட நெருக்கமாகத் தைத்தாள். ஆண்டவர் சொன்னபடி நுனியைப் பிசிறாக்கினாள். உள்ளே முதல் முட்டையை இட்டாள்.

மறுநாள் உச்சிவெயிலுக்குள் இலைகள் பழுத்துச் சருகாயின. நூல் அப்படியே இருந்தது, இலைதான் பொடிந்தது. ஒரு காற்று அடித்தது. முட்டை விழுந்தது. கீழே காத்திருந்த பாம்பு அதை உடையக்கூட விடவில்லை.

"தையல் நன்றாகத்தான் இருக்கிறது," என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

ஏவாள் களை பிடுங்கிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்ச் சிட்டு அவள் தோளில் உட்கார்ந்தாள். பேச்சு வரவில்லை. பேச்சு வராத சிட்டைப் பார்த்ததுமே ஏவாளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் வயிற்றில் ஒன்று அசையத் தொடங்கியிருந்தது.

"இன்னும் இருக்கிறதா, அக்கா?"

"இருக்கிறது. நாளைக்குள் இட்டாகவேண்டும். எங்கே கொண்டுபோய் இடுவேன்? நான் தைப்பதெல்லாம் ஒரு பகல் தாங்கமாட்டேன் என்கிறது. உனக்கென்ன, உனக்கு அவரே தைத்துக் கொடுத்துவிட்டார்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஏவாள் கோபப்படவில்லை. "உண்மைதான். நாம் தைத்தது சாயங்காலம் வரைக்கும் வரவில்லை. இது இன்னும் குளிர் தாங்குகிறது. அன்றைக்கு உன்னிடம் அவர் என்னவோ சொன்னாரே?"

"என்ன சொன்னார்? தையலில் குறையில்லை என்றார். பறித்த இலை என்றார்..."

சிட்டு பாதியில் நிறுத்தினாள். ஏவாளின் தோளைவிட்டு எழும்பிய வேகத்தில் அவள் தலைமுடி கலைந்துபோயிற்று.

நேராக மரத்துக்குப் போனாள். கிளையின் நுனியில், காம்போடு தொங்கிய பச்சை இலை ஒன்றைப் பிடித்தாள். பறிக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இரண்டு ஓரத்தையும் வளைத்துச் சேர்த்துத் துளை போட்டாள், நூலை இழுத்தாள். இலை காற்றில் ஆடியது. அவளும் சேர்ந்து ஆடினாள்.

வீட்டுக்காரன் பதறிப்போனான். "இதிலா முட்டை? ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது! அந்தக் காம்பு தாங்குமா?"

"காம்பை யார் தாங்குகிறது?"

"கிளை."

"கிளையை?"

"மரம்."

"மரத்தை?"

அவன் மேலே வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அப்புறம் என்ன கேள்வி? நகரு, வெளிச்சத்தை மறைக்காதே."

சொன்னாளே தவிர, அவளுக்கும் கால் நடுங்கத்தான் செய்தது. நம்புகிறவர்களுக்குக் கால் நடுங்காது என்று யார் சொன்னது? நடுங்கிய காலோடு அடுத்த தையலைப் போட்டாள்.

பை தயாரானதும் ஏவாள் வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு தன் ஆடையின் உட்புறத்திலிருந்து ஒரு பிடி கம்பளிமயிரைப் பிய்த்தாள்.

"ஐயோ, ஆண்டவர் தைத்ததையா பிய்க்கிறாய்!"

"என்னிடம் வேறு என்ன இருக்கிறது, அக்கா? எனக்குக் கொடுத்ததிலிருந்துதானே நான் கொடுக்க முடியும்?"

இலைக்குள் அந்த மெத்தை பதமாக உட்கார்ந்தது. அதில் சிட்டு முட்டையிட்டாள். மேலே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வெயிலேறும் நேரத்தில் பாம்பு மரமேறிற்று. அது சருகைத் தேடி வந்தது. கிளைக்கவட்டுகளில் எல்லாம் தலையை நுழைத்துப் பார்த்தது. எதுவும் இல்லை. மரம் முழுக்கப் பச்சை இலைகள்தான் ஆடிக்கொண்டிருந்தன. கிளைநுனிக்கு மேலாகவே ஊர்ந்துவந்தது. சிட்டு இருந்த இலையின் காம்பில் அதன் உடம்பு உரசியது. இலை தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. காம்பு விடவில்லை.

பாம்புக்கு ஒரு யோசனை வந்தது. ஏதேனில் கேட்ட ஆண்டவரின் குரலை நினைவுபடுத்திக்கொண்டு, அதே மாதிரிக் குழைவாகக் கூப்பிட்டது.

"சிட்டே, எங்கே இருக்கிறாய்?"

கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டாள் என்று அதற்குத் தெரியும். தோட்டத்துக்கே தெரிந்த விஷயம் அது. சிட்டின் தொண்டைவரைக்கும் பதில் வந்துவிட்டது. திட்டத் தோன்றியது. நல்ல நல்ல வசவுகளாகவே வரிசையில் வந்து நின்றன. வயிற்றுக்கடியில் முட்டையின் சூடு. முகத்துக்கு நேரே ஆட்டுமயிரின் வாடை. அந்த மயிர் என்ன விலைக்கு வந்தது என்று அவள் கண்ணால் பார்த்தவள்.

ஆண்டவர் கேட்டபோது முந்திக்கொண்டு பதில் சொன்னவள், பாம்பு கேட்டபோது வாயைத் திறக்கவில்லை.

பாம்பு இன்னொருமுறை கூப்பிட்டது. பச்சை இலைகளைத் தவிர எதுவும் அசையவில்லை. சலித்துப்போய்க் கீழே இறங்கிற்று.

குஞ்சு பொரித்த நாளில் ஆதாம் கையெல்லாம் முள்கீறலோடு அந்தப் பக்கம் வந்தான். அவ்வளவு பட்டும் பெயர் வைக்கும் பழக்கம் மட்டும் அவனைவிட்டுப் போகவில்லை. இலையைத் தொட்டுப் பார்த்தான், உயிரோடு இருந்தது. தையலைத் தடவிப் பார்த்தான்.

"தையல்சிட்டு," என்றான்.

"இப்போதாவது கண்ணில் பட்டதே, சந்தோஷம்," என்றாள் அவள். வாய் திறக்காமல் இருந்த கணக்கையெல்லாம் சேர்த்துவைத்து அன்றைக்குப் பொழுதுசாயும்வரை பேசித் தீர்த்தாள்.

அன்று தொடங்கியதுதான். நம் வீட்டுக் கொல்லையில் கத்தரிச்செடியோ எலுமிச்சையோ எது நின்றாலும், தையல்சிட்டு இலையைப் பறிக்காமல் செடியில் இருக்கும்போதே தைக்கிறாள். தலையில் அந்தச் செம்பழுப்பு இன்னும் இருக்கிறது. ஊரைக் கூட்டும் அந்த வாய், அடைகாக்கும்போது பக்கத்தில் நிழலாடினால் சட்டென்று அடங்கிவிடுகிறது. தைக்கிறதெல்லாம் அவளேதான், ஆனால் உள்ளே போடுகிற மெத்தைக்கு மட்டும், அன்றைக்குப் போலவே இன்றைக்கும், யாரிடமிருந்தாவது கிடைத்த பஞ்சைத்தான் கொண்டுவருகிறாள்.