பூதத்தோட வாயை ஒட்டுன மரம்

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ஊரு எங்கேன்னா, மலைக்கு மேல, பனிக்குப் பக்கத்துல. ஆத்துக்கு இந்தப் பக்கம் தோல்மான்னு ஒருத்தி. அந்தப் பக்கம் அவ தங்கச்சி, நிறைமாசம். அம்மா இல்லாத பொண்ணுங்க, பிரசவத்துக்கு அக்காதான் போயாகணும். ஆனா ஆத்துக்குள்ள ஒரு பூதம் கெடக்கு. பாலம் போட்டா போதும், தின்னுடும். ம் சொல்லு கண்ணு.

ம்.

அப்புறம் தோல்மா ஆத்தோரத்து மரத்தை வெட்டிப் பாலம் போட்டா. லேசான மரம். பூதம் வந்து மொறுக் மொறுக்குன்னு அப்பளம் மாதிரி தின்னுடுச்சு.

அப்போ அக்ரூட் மரத்தை வெட்டிப் போட்டா. நல்ல கெட்டி. பூதம், "ஆஹா, ருசியா இருக்கே! இன்னொண்ணு போடு தாயி"ன்னுச்சு. திமிரு பாரு அதுக்கு!

தோல்மாவுக்கு அழுகையா வந்துது. வீட்டுக்குப் போயி, ரொட்டி சுடலாம்னு கோதுமைப் பெட்டியைத் திறந்தா, கும்முனு வாசனை. தேவதாரு மரத்துப் பெட்டி அது. அவ அம்மா காலத்துலேருந்து ஒரு வண்டு விழுந்ததில்ல. "பூச்சியே தொடாத மரம், பூதம் தொட்டுருமா?"ன்னு கோடாலியைத் தூக்கிட்டா.

டங்! டங்! தேவதாரு லேசுல விழுமா? பனியில நின்னு நிதானமா வளர்ந்த மரம், உள்ள வைரம் பாஞ்சு கெடக்கும். எண்ணெய் ஊறுன மரம், வருஷக்கணக்கா நனைஞ்சாலும் அழுகாது. ஊரே ஐலசா போட்டு இழுத்து ஆத்து மேல போட்டுச்சு. "முதல்ல நான்தான் போவேன்"னு தோல்மா ஏறிட்டா. அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ம்?

ம்...

பாதிப் பாலம் போயிருப்பா, பூதம் அடியில வந்து லபக்குனு கவ்வுச்சு. பாலம் கிடுகிடுன்னு ஆடுது, தோல்மா கெட்டியா நின்னா. கடிச்ச எடத்துலேருந்து பிசின் பொங்கி, பூதத்தோட மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பச்சக்குனு ஒட்டிக்கிச்சு! மரத்துல பல்லுத்தடம்கூட சரியா விழல.

தோல்மா இடுப்புல கை வச்சுக் குனிஞ்சா. "இனிமே பாலத்தைக் கடிக்கமாட்டேதானே?"

"ம்."

"வெள்ளம் வந்தா அடியிலேருந்து தோள் குடுப்பியா?"

"ம்."

"என் தங்கச்சி புள்ளைக்கு நீதான் காவல், சரியா?"

வாய் ஒட்டிக்கிட்டவன் வேற என்னத்தைச் சொல்றது? "ம்."

பூதமா இருந்தாலும் ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டதுதான்.

அப்புறம் அக்கா போயி தங்கச்சி கையைப் பிடிச்சா. குவா குவான்னு பொண்ணு பொறந்துது. அது அழுத சத்தம் கேட்டு, ஆத்துக்குள்ளேருந்து பூதம் மூடுன வாயோட "ம்ம்ம்... ம்ம்ம்"னு தாலாட்டுப் பாடுச்சு. பாப்பா தூங்கிடுச்சு.

கதை கரை சேர்ந்துது கண்ணு, நீயும் கண்ணை மூடு.