தவசுப்பிள்ளையும் கண் திறக்காத குட்டியும்

தென்காசிச் சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் கல்யாணம் நிச்சயமானால், பெண் வீட்டார் முதலில் மண்டபத்தை விசாரிக்க மாட்டார்கள். ஆவுடையப்பபிள்ளைக்கு அந்தத் தேதியில் ஒழிவு இருக்கிறதா என்றுதான் விசாரிப்பார்கள். விருந்து சமைக்கிறவரை அந்தப் பக்கம் தவசுப்பிள்ளை என்பார்கள். தவசுப்பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள்தான். ஆனால் வெறுமனே தவசுப்பிள்ளை என்று சொன்னால் அது இவர் ஒருத்தர்தான். ஆயிரம் இலைக்குச் சாம்பார் கொதிக்கும்போது பத்தடி தள்ளி நின்றுகொண்டே, “உப்பு ஒரு கை கம்மிடே” என்பார். வாயில் வைத்துப் பார்ப்பதெல்லாம் கிடையாது, வாசனைதான். போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். அடேயப்பா, என்ன மூக்கு!

அறுபத்து மூன்றாவது வயதில் அந்த மனுஷன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே இருந்த சாமிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பிள்ளைக்கு ஒரு மகன் பிறந்திருந்தால் அந்த வயதுதான் இருப்பான். பிறக்கவில்லை. வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான், இப்போது அவர் மட்டும்.

பிள்ளை வயதைப் பார்க்காமல் விழுந்து கும்பிட்டார்.

“சாமி, ஒரே ஒரு கேள்வி. பதில் சொன்னா போயிருதேன்.”

“கேளுங்க, அண்ணாச்சி.”

“என் வீட்டுக்காரி உலகம்மை, இடுப்பு ஒடிஞ்சு ரெண்டு வருஷம் பாயில கிடந்தா. நான் வேலைக்குப் போறதையே நிறுத்திட்டேன். வேளாவேளைக்கு அவளுக்குப் பிடிச்சதாப் பாத்துப் பாத்துச் சமைச்சேன். கடைசி ஆறு மாசம் வாயைத் திறக்க மாட்டேன்னுட்டா. ரெண்டு வாய், மூணு வாய், அதோட போதும்பா. தண்ணி குடுத்தாக்கூட வேண்டாம்பா. செவர்ப் பக்கம் திரும்பிக்கிடுவா. ஊருக்கே சோறு போட்ட கை சாமி இது. கட்டினவ வாங்கித் திங்க மாட்டேன்னுட்டாளே! என் மேல அப்படி என்ன கோவம்? கோவத்தோடயே போயிட்டாளா? இது ஒண்ணு தெரியணும் எனக்கு.”



“மடத்து அடுப்படியில ஆள் இல்லை. கொஞ்ச நாள் இருங்களேன்” என்றார் சாமி.

இது என்ன பதில் என்று கேட்பீர்கள். பிள்ளைக்கும் அப்படித்தான் இருந்தது. சமையலுக்கு ஆள் பிடிக்கத்தான் சாமி இப்படிச் செய்கிறாரோ என்று ஒரு வாரம் மனசுக்குள் கறுவிக்கொண்டே இருந்தார். ஆனால் போகவில்லை. அந்தச் சின்ன வயசுச் சாமி வாசலில் வருகிற பிச்சைக்காரனுக்கும் காரில் வருகிற மில்காரருக்கும் ஒரே மாதிரி எழுந்து நின்று வாங்க என்று சொல்வதைப் பார்த்தார். அந்த ஒன்றுக்காகவே இருக்கலாம் என்று தோன்றிவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் விடாமல் கேட்பார். “சாமி, அந்தக் கேள்வி.” சாமி, “சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். நாலு மாதம் இப்படியே போயிற்று.

சாரல் தொடங்கிய சமயம். விறகுக் கொட்டகையில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. விறகு நனைகிறது என்று ஆட்கள் வந்து அடுக்கைக் கலைத்ததும், அது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு எங்கேயோ போயிற்று. ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. திரும்பி வரும் என்று காலையிலிருந்து உச்சிவரை யாரும் கிட்டப் போகாமல் காத்திருந்தார்கள். வரவில்லை. பிள்ளை போய்க் கையில் எடுத்தார். கண் திறக்கவில்லை, காது மடங்கியிருந்தது, தொப்புள்கொடி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கத்தரிக்காய் கனம் இருந்தால் அதிகம்.

சாமியிடம் கொண்டுவந்தார்.

“பொழைக்குமா சாமி?”

“நீங்க பாத்துக்கிடுங்க” என்றார் சாமி.

பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பசிக்குப் போடுவதைத் தவிர வேறென்ன தெரியும் அவருக்கு? ஓடிப்போய்ப் பால் காய்ச்சி, பாலாடைச் சங்கில் ஊற்றிக்கொண்டு வந்தார். கைக்குழந்தைக்குப் புகட்டுகிற மாதிரியே குட்டியை மடியில் மல்லாத்திப் போட்டு, வாயோரம் பாலாடையைச் சாய்த்தார். பால் மூக்கு வழியே வந்தது. குட்டி இருமித் திணறியது.

“நிறுத்துங்க!” சாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் குரல் உயர்ந்து பிள்ளை கேட்டது அன்றைக்குத்தான். “தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருக்கு. குளிர்ந்த வயிறு பாலை ஏத்துக்கிடாது. முதல்ல சூடு ஏறட்டும்.”

துண்டில் சுற்றி, அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி, சாமி தன் மடியிலேயே அதை அரை மணி நேரம் வைத்திருந்தார். உடம்பு வெதுவெதுப்பானதும் ஒரு இங்க் ஃபில்லரைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னார். மாட்டுப்பால் வயிற்றைக் கலக்கும் என்று, ஆட்டுப்பாலைக் காய்ச்சித் தண்ணீர் கலக்கச் சொன்னார். குட்டியைக் குப்புறவே வைத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, ஒரு சொட்டு விட்டார். அது நாக்கைச் சுழற்றி விழுங்கும்வரை பொறுத்து அடுத்த சொட்டு விட்டார்.

“பூனை தன் குட்டிகளைக் குப்புறக் கிடக்க வச்சுத்தான் பால் குடுக்கும், அண்ணாச்சி.”

“சாமி இதெல்லாம் எங்க படிச்சீங்க?”

“பூனையைப் பாத்துத்தான்.”

பிள்ளை பிடித்துக்கொண்டார். கை வாகு என்பது சும்மாவா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பாலை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்து, சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார். ஆயிரம் பேருக்குப் பரிமாறிய மனுஷன் ஒரு சொட்டுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பார்க்க வேண்டிய காட்சிதான். குட்டி மளமளவென்று குடித்தது. பிள்ளையைக் கையில் பிடிக்க முடியவில்லை. “என் கையில வாங்கித் திங்காத சீவன் உண்டாவே!” என்று விறகு வெட்டுகிறவனிடம்கூடப் பீற்றிக்கொண்டார்.

மறுநாள் உச்சிக்கு முன்பே அழுகை தொடங்கிவிட்டது. கீச்சுக் குரலில் ஓயாத அழுகை. அழுதால் பசி, வேறென்ன? பிள்ளை பால் கொடுத்தார். இன்னும் அழுதது. இன்னும் கொடுத்தார். வயிறு மத்தளம் மாதிரி விம்மி நின்றது. அப்புறம் குட்டி வாயை இறுக மூடிக்கொண்டது. ஃபில்லரைக் கொண்டுபோனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பியது. அந்தப் பக்கமாகக் கொண்டுபோனால் இந்தப் பக்கம் திருப்பியது. துளி பனங்கற்கண்டு கரைத்துப் பார்த்தார். ம்ஹூம்.

 இப்படித் திருப்பிக்கொண்ட முகத்தை அவர் ஆறு மாதம் பார்த்தவர். குட்டியை ஏந்திக்கொண்டு சாமியிடம் ஓடினார்.

“சாமி, இதுவும் வேண்டாங்குது சாமி! இதுவும் போயிரும்போல இருக்கு!”

சாமி குட்டியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

“உள்ள போனது சரி. வெளிய போச்சா?”

“என்னது சாமி?”

“மூத்திரம், பீ. போச்சா?”

பிள்ளை முழித்தார். “அது தானா போவும்லா?”

“கண் திறக்காத குட்டிக்குத் தானா போகத் தெரியாது, அண்ணாச்சி. தாய் நக்கிக் குடுத்தாத்தான் போகும். நேத்துலேருந்து அடக்கிக்கிட்டுக் கிடக்கு.”

“அய்யய்யோ! நான் கண்டேனா இதை? சரி சாமி, வாசல் பெருக்குற வேலம்மாளைக் கூட்டியாரட்டுமா? இது உப்புப் புளி தொடுற கையில்லா. அடுப்படிக்குப் போகணும். இந்தச் சோலியெல்லாம்...”

சாமி விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சில் கொஞ்சம் கிள்ளி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். குட்டியை இடது உள்ளங்கையில் ஏந்தி, வாலைத் தூக்கி, பஞ்சால் மெதுவாகத் தடவத் தொடங்கினார். அழுத்தவில்லை. விடவும் இல்லை. ஒரே சீராகத் தடவிக்கொண்டிருந்தார்.

“மதினி ரெண்டு வருஷம் பாயில படுத்திருந்தப்ப இந்த வேலையை யார் பாத்தாங்க?” என்று கையைப் பார்த்தபடியே கேட்டார்.

“அவ தங்கச்சி கோமு, சாமி. ரெண்டு தெரு தள்ளி இருந்தா. முன்னெல்லாம் அடிக்கடி வந்தவ, கடைசி ஆறு மாசம் காலையில ஒரு தடவை வருவா, பொழுதடையும்போது ஒரு தடவை வருவா. துடைச்சு, துணி மாத்தி, எல்லாம் பாத்துக்கிடுவா. அவ தலையைக் கண்டதும் நான் தெருவுக்குப் போயிருவேன். சமைக்கிறவன் அதைப் பாக்கப்பிடாதுல்லா.”

சாமி தலையை ஆட்டிக்கொண்டார். அப்போது குட்டி உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி விட்டது பாருங்கள், சாமியின் கை நனைந்து, காவி வேட்டி நனைந்து, போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு எங்கே இருந்ததோ! பிறகு கடுகு அரைத்த மாதிரி மஞ்சளாகக் கொஞ்சம் வந்தது. சாமி அதையும் துடைத்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அதற்காக அருள் வழிகிற முகமும் இல்லை. வெண்டைக்காய் நறுக்குகிறவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பிள்ளை பெரிய பெரிய மடாதிபதிகளுக்கெல்லாம் இலை போட்டவர்தான். இப்படி ஒருத்தரைக் கண்டதில்லை. மனசுக்குள் இன்னொரு தரம் விழுந்து கும்பிட்டுக்கொண்டார்.

வயிறு தளர்ந்த குட்டி, சாமியின் விரலை முட்டி முட்டி வாயைத் தேடியது.

“இப்ப குடுங்க” என்றார் சாமி.

குடித்தது. மடக் மடக்கென்று குடித்தது.

“அடுத்த தடவை நீங்க. பால் குடுக்கிறதுக்கு முன்னால ஒரு தரம், பின்னால ஒரு தரம். போய் முடியிற வரைக்கும் விடாதீங்க.”

“சாமி, என் கை...”

“கழுவினாப் போயிரும்.”

முதல் தடவை பிள்ளை மூச்சை அடக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தடவினார். இரண்டாம் நாள் திருப்பவில்லை. நாலாம் நாள், “போடா, போ. நல்லாப் போ. என் ராசால்லா” என்று கொஞ்சவே ஆரம்பித்துவிட்டார். தெளிவாகப் போனால் அவருக்கு ரசம் தெளிந்த சந்தோஷம். கொஞ்சம் இளகிப் போனால் பாலில் தண்ணீரைக் கூட்டினார். எந்தச் சமையலையும் அவர் இத்தனை கவனமாகப் பார்த்ததில்லை. குட்டி கத்தரிக்காயிலிருந்து மாங்காய் கனத்துக்கு வந்தது.

ஒன்பதாம் நாள் மடத்தில் குருபூஜை. நானூறு இலை. பிள்ளை விடியலில் அடுப்படிக்குள் போனவர், இலை எடுத்த பிறகுதான் வெளியே வந்தார். நடுவில் வேலம்மாள் இரண்டு தரம் வந்து பால் கொடுத்திருந்தாள். துடைத்துவிட அவளுக்குத் தெரியாது, இவரும் சொல்ல மறந்துவிட்டார்.

கையைக் கழுவிக்கொண்டு ஃபில்லரை எடுத்துப் போனால், குட்டி வாயைத் திறக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தது. ஒரு கண் மட்டும் கீற்றாகத் திறந்திருந்தது.

பிள்ளை பதறிப்போய்ப் பஞ்சை நனைத்துத் தடவினார். எல்லாம் போயிற்று. போன மறுகணமே குட்டி ஃபில்லரை ஆவேசமாகக் கவ்வி இழுத்தது.

அவர் ஃபில்லரை இன்னொரு தரம் நிரப்பினார்.

அதற்குப் பசிக்காமல் இல்லை. காலையிலிருந்து பசிதான். இடம் இல்லாமல்தான் வேண்டாம் என்றது.

காலையில் ஒரு தடவை, பொழுதடையும்போது ஒரு தடவை. கோமு வந்துபோன நேரங்களை அவர் மனசில் ஓட்டிப் பார்த்தார். காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் முழுப் பகல். சாயங்காலத்துக்கும் காலைக்கும் நடுவில் முழு இரவு. நடுவில் மூத்திரம் வந்தால் உலகம்மை யாரைக் கூப்பிடுவாள்? தெருவில் போய் நிற்கிறவரையா? வராமல் இருக்க ஒரே வழி, உள்ளே போடாமல் இருப்பதுதான். தண்ணீர்கூட வேண்டாம் என்றாளே பாவி. அவர் எதிரிலேயே, அவர் தாளித்த வாசனையில், பசியோடு கிடந்திருக்கிறாள்.

குட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு சாமியிடம் போனார். அறுபத்து மூன்று வயது மனுஷன் வாய்விட்டு அழுதுகொண்டு போனார். சாமி கூடத்தில் இருந்தவர்களை வெளியே இருக்கச் சொன்னார்.

“அவளுக்குப் பசிச்சிருக்கு சாமி. ஆறு மாசமும் பசிச்சிருக்கு. கோமு வர்ற நேரத்துக்குத் தக்கன அளந்து அளந்து தின்னிருக்கா. நான் கரண்டியும் கையுமா நின்னேனே தவிர, ஒரு துணி எடுத்துக் குடுக்கலியே சாமி.”

 பிள்ளையின் கையிலிருந்த குட்டி வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? இந்தாரும், என்னால முடியலைன்னு ஒரு வார்த்தை? அதைக்கூடச் சொல்லாம போயிட்டாளே. அவ்வளவு கோவமா சாமி என் மேல?”

“கோவம் இருந்திருந்தா மதினி வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு, துடைச்சு விட உங்களைத்தான் கூப்பிட்டிருப்பாங்க, அண்ணாச்சி” என்றார் சாமி.