செம்போத்து தனித்துப் போன கதை

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், கடலோரத்தில் நெடுங்கரைப்பட்டினம் என்றொரு நகரம் இருந்தது. எல்லாம் ஓலைக் கூரைகள். ஒரு வீட்டுக் கூரையின் விளிம்பு அடுத்த வீட்டை இடிக்கும். நகரை ஆண்ட கோளரியன் சொல்லாமல் அங்கே எதுவும் நடக்காது.

கோட்டை மாடத்தில் செம்போத்துப் பறவை காவல் இருந்தது. எங்காவது புகை தெரிந்தால் கூவுவது அதன் வேலை.

கோளரியன் முடிசூடிய நாளின் விழா வந்தது. நண்பகலில் ஊர்வலம் கடைவீதியில் போய்க்கொண்டிருந்தபோது, செக்குத் தெருவில் புகை எழுவதைச் செம்போத்து கண்டது. பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் சொன்னது. இப்போது கூட்டம் கலைந்து ஓடினால் மன்னருக்கு அவமானம் என்றார் அவர்.

"ஊர்வலம் கடந்து போகட்டும். அதுவரை வாயைத் திறக்காதே."

செம்போத்து வாயைத் திறக்கவில்லை.

கடற்காற்று தீயைக் கூரைக்குக் கூரை கொண்டுபோனது. ஊர்வலம் கடந்தபின் செம்போத்து கூவியபோது பாதி நகரம் எரிந்துகொண்டிருந்தது. தாங்கமுடியாமல் மாடத்திலிருந்து பாய்ந்து, வீடுவீடாகக் கதவைக் கொத்தி, உள்ளே இருந்தவர்களை வெளியேற்றியது. கரிய சிறகுகள் வெந்து செம்பழுப்பாயின. புகையில் கண்கள் சிவந்தன.

மூன்றாம் நாள் மக்கள் சாம்பலில் கூடினார்கள். கணவனையும் மகளையும் பறிகொடுத்த செக்குக்காரி வேலாச்சி செம்போத்திடம் வந்தாள்.

"நீ முதலிலேயே பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"ஏன் கூவவில்லை?"

"கூவாதே என்றார்கள்."

வேலாச்சி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நாமும் அப்படித்தானே இருந்தோம்."

அன்றே எல்லோரும் கோட்டைக்குப் போய்க் கோளரியனை அரியணையிலிருந்து இறங்கச் சொன்னார்கள். காவலர்களின் வீடுகளும் எரிந்திருந்ததால் யாரும் தடுக்கவில்லை. தெருவுக்கு ஒருவராகச் சபை அமைந்தது. வேலாச்சியும் அதில் இருந்தாள். தெருக்களை அகலப்படுத்தி, வீடுகளுக்கு ஓடு வேய்ந்தார்கள். தீயைக் கண்டவர் யாரையும் கேட்காமல் கூவலாம் என்பதே சபையின் முதல் சட்டம்.

மாடத்துக்குத் திரும்பும்படி செம்போத்தை அழைக்க வேலாச்சியே போனாள். யாருக்கும் அதன்மேல் கோபமில்லை என்றாள்.

"உன் மகளின் பெயர்கூட எனக்குத் தெரியாது, தாயே. கேட்கவும் துணிவில்லை" என்றது செம்போத்து. நகரத்துக்கு வெளியே புதர்க்காட்டுக்குள் நடந்துபோனது. பேச ஆளில்லாமல் மனிதப் பேச்சும் அதற்கு மறந்துபோயிற்று.

செம்போத்து கூட்டம் சேராமல் வேலியோரம் தனியே திரிவதும், பட்டப்பகலில் 'ஊப், ஊப்' என்று கூவிக்கொண்டே இருப்பதும் அன்று தொடங்கியதுதான். அதைக் கேட்டு யாரும் ஓடிவருவதில்லை.