முன்வாயில் நுழைந்த கம்பி

அந்தத் துப்பாக்கிக் கழகத்தில் குரு சின்னவர், சீடர் பெரியவர். குரு ஜெபராணிக்கு முப்பத்தாறு வயது. துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பார், சுடவும் சொல்லிக் கொடுப்பார். சீடர் சங்கரலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு. நெல்லையில் லாரி உதிரிபாகக் கடை வைத்து, தானாக முட்டிமோதி மேலே வந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கான தேர்வு. மூத்தோர் பிரிவில் இருப்பது ஒரே இடம். இரண்டு வருடமாக அதை மயிரிழையில் விட்டிருந்தார். இன்று வியாழன். அவருடைய குண்டுகளோ இலக்கு அட்டையில் ஆளுக்கொரு மூலையைப் பார்த்துப் போயின.

ஒரு பையை மேஜைமேல் கொட்டினார். இரும்பு பிரஷ், பித்தளை பிரஷ், நைலான் பிரஷ், மூன்று வகை எண்ணெய்.

"குழல்ல அழுக்கு ஏறிப் போச்சு. இதுல எது நல்லா வழிக்கும், சொல்லுங்க டீச்சர்."

"இதுவரைக்கும் எதால தேய்ச்சீங்க?"

"இரும்பு பிரஷ்தான். தினம் அம்பது தடவை. துருப்பிடிச்ச இஞ்சினையே கண்ணாடியா ஆக்கினவன் நான். இது எனக்கு எம்மாத்திரம்?"

"எந்தப் பக்கமா விட்டீங்க?"

"குண்டு வெளிய வர்ற வாய்ப்பக்கம்தான். கருப்பு அங்கதானே கண்ணுக்குத் தெரியுது."

குரு துப்பாக்கியை வாங்கினார். குழலைப் பின்னால் அடைத்திருக்கும் போல்ட்டைக் கழற்றினார். குழல் காலி என்று பார்த்துக்கொண்டார். கொஞ்சம் பஞ்சைக் கிள்ளிச் சீடரிடம் நீட்டினார்.

"வாய் விளிம்புல வச்சு, உள்ளயிருந்து வெளிய இழுங்க. சுத்திலும்."

இழுத்தார். ஒரு இடத்தில் பஞ்சின் இழை சிக்கி நின்றது. மறுபடி இழுத்தார். அதே இடம்.

"இது என்ன?"

"உங்க பிரஷ் கம்பி உரசின தழும்பு. குண்டு கடைசியாத் தொட்டுட்டுப் போற இடம் இது. போற நேரத்துல ஒரு பக்கமா இடிச்சு விடுது."

சீடரின் முகம் சுண்டிப் போனது. தினம் ஐம்பது தடவை. காய்ச்சல் வந்த நாளிலும் விடவில்லை.

"அப்போ ஞாயித்துக்கிழமை?"

"குழல் நுனியைத் துளி கடைஞ்சு எடுத்தாப் போதும். நாளைக்கு முடிச்சிருவேன். நீங்க சுடுவீங்க."

அவருக்கு மூச்சு வந்தது. மூச்சோடு பேரமும் வந்தது.

"அதுக்குப் பிறகு எந்த பிரஷ்?"

"பிரஷ் வேண்டாம். மூட்டு இல்லாத ஒரே கம்பி, நுனியில துணி. பின்பக்கமிருந்து, குண்டு போற வழியா."

"எத்தனை தடவை?"

"மூணு."

"முப்பதுன்னு வச்சுக்குவோம்."

"மூணு."

"உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். பதினஞ்சு."

"அண்ணாச்சி, நான் விலை சொல்லல. அளவு சொன்னேன்."

வெள்ளிக்கிழமை நுனி கடையப்பட்டது. சனிக்கிழமை காலை சங்கரலிங்கம் ஐந்து குண்டு சுட்டார். ஐந்தும் சட்டைப் பொத்தான் மூடும் இடத்துக்குள் விழுந்தன. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களிடமும் காட்டினார்.

பிறகு துணி கோத்துப் பின்பக்கமாக விட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது துணியை வெளிச்சத்தில் பிடித்தார். இன்னும் லேசாகக் கருப்பு இருந்தது. அவர் கை தானாகப் பைக்குள் போய் இரும்பு பிரஷ்ஷை எடுத்தது.

"சுத்தமா போகலையே டீச்சர். இன்னும் ஒரு பத்துத் தடவை விட்டா பளிச்னு ஆயிரும்."

குரு அந்தத் துணியை வாங்கி அட்டைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்.

"நாளைக்கு நடுவர்ட்ட இதுல எதை நீட்டப் போறீங்க, அண்ணாச்சி?"