ஏழாவது கதவு

"இந்த ஊர்ல எவனுக்கும் கண்ணே கிடையாது வாத்தியாரே!"

கொட்டகைக்குள் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார் பேதுரு.

சொந்த ஊர் இத்தாலி. பெற்றவர்கள் வைத்த பெயர் பியெத்ரோ. இங்கிலீஷ்காரன் ஆண்ட காலம் அது. கப்பலேறி வந்த மனுஷர், பதினைந்து வருஷமாக மதுரையில் ஒரு நாடகக் கம்பெனிக்குப் படுதா, அதாவது மேடையின் பின்திரைச் சித்திரம், எழுதுகிறார். தமிழ் நன்றாக வரும். கோபம் வந்தால் இன்னும் நன்றாக வரும்.

அந்தத் தமிழைச் சொல்லிக்கொடுத்தவர் கருத்தமுத்து வாத்தியார். கம்பெனிக்கு நாடகம் எழுதுகிறவரும் அவரே. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா ஆச்சு?"

"நேத்து ஆட்டத்தை நீங்களும்தானே பார்த்தீங்க? நாலு மாசம் சோறு தூக்கம் இல்லாம எழுதின தெரு! ஏழு வீடு. முதல் வீடு பெரிசு, அடுத்தது கொஞ்சம் சின்னது, அப்புறம் இன்னும் சின்னது. பார்த்தா அரை மைல் உள்ளே போகும். அதுல போய் அந்த ராசமாணிக்கம்..."

தலையில் அடித்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். நாடிழந்த ராணி, பசித்த பிள்ளைக்காக வீடு வீடாகக் கஞ்சி கேட்கிறாள். ராணி வேஷம் ராசமாணிக்கம். படுதாவில் எழுதிய முதல் கதவைத் தட்டினான், சனம் அழுதது. நாலாவது கதவு இடுப்புக்கு வந்தது, யாரோ களுக்கென்றார்கள். ஏழாவது முழங்கால் உயரம். குனிந்து தட்டினான் பாருங்கள், கொட்டகையே சிரித்து உருண்டது!

"படுதாவைக் கழட்டிட்டு என்னையும் அனுப்பிடுவேங்கிறார் முதலாளி. இந்த வயசுல நான் எங்கே போவேன்? அவனை முதல் கதவோட நிறுத்திக்கச் சொல்லுங்க. தூரத்து வீடு சின்னதாத்தானே தெரியும்? இதுகூடவா புரியாது?"

"யாருக்குச் சின்னதாத் தெரியும்?"

"பார்க்கிறவனுக்கு!"

வாத்தியார் வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

பேதுருவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்!"

"நீர் இந்த ஊருக்கு வந்த புதுசுல, வேலை கேட்டு எத்தனை கதவு தட்டினீர்?"

"அது எதுக்கு இப்போ? ...பதினொன்னு."

"அதுல எது சின்னது?"

"சின்னதா? தட்டத் தட்ட, ஒவ்வொண்ணும் முந்தினதைவிடப் பெரிசாத்தானே தெரிஞ்சது..."

பேதுரு நடந்து போய், படுதாவில் ஏழாவது கதவுக்குப் பக்கத்தில் நின்றார். குனிந்து அதைப் பார்த்தார். அப்புறம் மெல்ல நிமிர்ந்து, அதற்கு மேலே இருந்த வெற்று வானத்தைப் பார்த்தார்.

"ஏணி வேணும் வாத்தியாரே," என்றார். "ஏழாவது கதவு எனக்கு எட்டாது."