துண்டுக்குள் இருந்த கை

"என் நெஞ்சைக் கெடுத்தது கருப்பணன்தானுங்க ஆத்தா. அவன் மட்டும் அன்னைக்கு அந்தப் பீடியை நீட்டாம இருந்திருந்தா, இன்னைக்கு நான் இப்படி மூச்சுக்குப் பிச்சை எடுப்பனா?"

மாட்டுத் தரகர் சென்னியப்பனுக்கு அறுபத்திரண்டு வயது. மடத்துப் படி பன்னிரண்டுதான். அதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்திருந்தார்.

மடத்தில் இருந்த வேலாத்தாள் அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் அவள் ஆத்தாதான். முறத்தில் கேழ்வரகைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாருங்க?"

"இனியும் பீடியைத் தொட்டா அடுத்த மார்கழியைப் பார்க்க மாட்டேன்னுட்டார். அஞ்சு தடவை விட்டுப் பார்த்துட்டேன். அஞ்சு தடவையும் ஒரு வாரம் தாண்டலை. எல்லாம் அந்தக் கருப்பணன்..."

இருமல் வந்து மீதிப் பேச்சைப் பிடுங்கிக்கொண்டது.

அது அடங்கும்வரை இருந்துவிட்டு அவள் கேட்டாள்.

"எப்படிக் கொடுத்தாருங்க அந்தப் பீடியை?"

அவ்வளவுதான். சென்னியப்பன் நினைப்பில் பழைய மாட்டுச் சந்தைக்குப் போய்விட்டார்.

நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்கழி. மாடுகள் நடந்தே வந்த காலம். பனிக்குள்ளிருந்து முதலில் மணிச்சத்தம் வரும். அப்புறம் கொம்பு தெரியும். கடைசியில்தான் மாடு வரும்.

காலில் செருப்பில்லாமல் நின்றான் பத்தொன்பது வயதுச் சென்னியப்பன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. விலை பேசும் துண்டுக்குள் கை வைக்க எந்தத் தரகனும் விடவில்லை. "தள்ளி நில்லுடா, மாடு மிதிச்சா எங்களைச் சொல்லாத" என்று விரட்டினார்கள்.

கருப்பணன் ஒருத்தன்தான் கூப்பிட்டான். தான் இழுத்துக்கொண்டிருந்த பீடியைப் பாதியில் நீட்டினான்.

"இழுடா. குளிரு ஓடிப் போயிரும்."

பிறகு தன் துண்டை இருவர் கைமேலும் போட்டான். உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்து, வாய் திறக்காமல் விலை பேசும் வித்தை மொத்தத்தையும் ஒரே காலையில் சொல்லிக் கொடுத்தான்.

"கண்ணை மூடிக்கடா. மூஞ்சியைப் பார்த்தா ஏமாந்துருவ. துண்டுக்குள்ள எவன் கை இருக்குதோ அவன்கிட்ட மட்டும் பேசு. வேலியோரம் நின்னுட்டுக் கத்தறவன் ஆயிரம் சொல்லுவான். அதுக்கெல்லாம் மாடு கை மாறாது."

சென்னியப்பன் நிமிர்ந்தார்.

"அந்தப் புகை இருக்குதுங்களே ஆத்தா... பனியும், சாணி வாசமும், பக்கத்துல எவனோ காய்ச்சின வெல்லக் காப்பியும் கலந்து... அந்த ருசி அதுக்கப்புறம் எந்தப் பீடியிலயும் வரலீங்க. தேடித் தேடித்தான் இழுத்தேன்."

"திட்ட வந்தவரு சிரிக்கறீங்க."

அவர் சட்டென்று வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கருப்பணர் ஒருத்தர்தானுங்களா, இன்னும் இருக்கறாங்களா?"

"ஒருத்தனா! பீடிக் கம்பெனிக்காரன் சந்தைச் செவுரு பூராவும் படம் எழுதியே என்னைக் கெடுத்தான். நான் பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே எங்க மாமனார் பீடிக் கட்டைப் பிரிச்சு நீட்டினார். மாடு வாங்க வர்றவன் எவனா இருந்தாலும் முதல்ல பீடிதான் எடுப்பான். வேண்டாம்னு சொன்னா மூஞ்சியைத் திருப்பிக்குவான்."

"எல்லாம் நெசந்தானுங்க."

மறுத்துப் பேசுவாள், ஒரு பிடி பிடிக்கலாம் என்று காத்திருந்தவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நெசம்னு கேட்டுட்டுப் போகவா இத்தனை படி ஏறினேன்? பீடி என்னை விடறதுக்கு ஒரு வழி கேட்டா, கல்லு பொறுக்கிட்டு உக்காந்திருக்கறீங்களே!"

"துண்டைப் போடுங்க தரகரே. பேசி முடிச்சுரலாம்."

சென்னியப்பன் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. துண்டா? துண்டுக்குள் அவரை ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. தோளில் கிடந்ததை உதறி வலது கைமேல் போட்டு நீட்டினார். பழக்க தோஷம், கண் தானாக மூடிக்கொண்டது.

"கருப்பணரைக் கை வைக்கச் சொல்லுங்க."

"அவன் போயி ஒம்பது வருஷமாச்சுங்க." குரல் இறங்கியது. "நான்தான் முன்னால தோள் கொடுத்தேன்."

"கம்பெனிக்காரரு?"

"அவனுக்கு என்னை எங்க தெரியப் போகுது."

"மாமனாரு?"

"அவரும் போய்ச் சேர்ந்துட்டாருங்க."

"மாடு வாங்க வந்தவங்க?"

"மாட்டைப் பிடிச்சுட்டு அவனவன் ஊருக்குப் போயிட்டானுங்க ஆத்தா."

"சரிங்க. துண்டுக்குள்ள எந்தக் கை இருக்குதோ அதோட பேசுங்க."

அவர் காத்திருந்தார். காற்றில் வேப்பிலை உதிரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் துண்டுக்குள் ஆள்காட்டி விரலில் ஒரு பிடி விழுந்திருப்பது தெரிந்தது. இறுக்கமான பிடி. விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நேற்றுத் தொழிலுக்கு வந்தவன்கூட இப்படிப் பிடிக்க மாட்டான்.

பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"என்னங்க ஆத்தா இது? ஒத்த விரலைப் பிடிச்சா பிடிச்சதுதானா? இது ஒரு பேரமா? ஏத்தறதுன்னா ஏத்துங்க, இல்லாட்டி விடுங்க. வலிக்குது!"

"நான் இன்னும் கையே வைக்கலீங்களே."

கண்ணைத் திறந்தார்.

அவள் கை இரண்டும் முறத்தில் இருந்தன, மணிக்கட்டுவரை கேழ்வரகுத் தூசியோடு.

சென்னியப்பன் துண்டை விலக்கினார்.

அவருடைய கட்டைவிரல், அவருடைய ஆள்காட்டி விரலை நெரித்துக்கொண்டு, அங்கே இல்லாத ஒரு பீடியைப் பிடித்திருந்தது.