அழுங்கு வீட்டுக்கு வந்த ஆகாய விருந்தாளிகள்

இருட்டிக் கொஞ்ச நேரம் கழித்து, காட்டுக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. இடி இல்லை. யானையும் இல்லை. யாரோ பெரிய வாயால் காற்றை நீளமாக உறிஞ்சி, உறிஞ்சியதைத் திரும்பத் துப்புவதுபோல இருந்தது.

வளைக்குள் படுத்திருந்த அழுங்கு தன் குட்டியை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டது.

"அம்மா, அது என்ன?" என்று கேட்டது குட்டி.

"ஒன்றுமில்லை. தூங்கு."

அது என்னவென்று அழுங்குக்கும் தெரியாது. தெரியாததையெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்வது தாய்மார்களின் வழக்கம்.

அழுங்கை எறும்புத்தின்னி என்றும் சொல்வார்கள். உடம்பு முழுவதும் ஓடு வேய்ந்ததுபோலச் செதில் இருக்கும். வாயில் ஒரு பல்கூட இருக்காது. எறும்பும் கரையானும்தான் சாப்பாடு. ஆபத்து வந்தால் சண்டை போடாது, பந்துபோலச் சுருண்டுகொள்ளும். வளைக்குள் போனதும் மண்ணைத் தள்ளி வாசலை அடைத்துவிடும். அந்த மண்தான் அதற்குத் தாழ்ப்பாள். அதில் ஒரே ஒரு சங்கடம். உள்ளே இருந்துதான் போட முடியும். வெளியே போகிறவர் போட முடியாது.

குட்டி பிறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. செதில் இன்னும் பிஞ்சு நகம்போல மெத்தென்றுதான் இருந்தது. அதை வாலில் ஏற்றிக்கொண்டு போகப் பயம். திறந்த வளையில் விட்டுப் போகவும் பயம். ஆகவே அழுங்கு தினமும் ஓட்டமாய்ப் போய், கிடைத்ததைக் கால் வயிற்றுக்குத் தின்றுவிட்டு, ஓட்டமாய்த் திரும்பி வந்தது. கால் வயிற்றுக்குத் தின்றால் கால் வயிற்றுக்குத்தான் பால் சுரக்கும். குட்டி அழுதது.

மறுநாள் அந்தியில் பக்கத்து வளை முள்ளம்பன்றி சேதி கொண்டுவந்தது.

"காப்பித் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் புல்வெளியைச் செதுக்கி நீளமாய் ஒரு பாதை போட்டார்களே, அதில் ஒரு விமானம் இறங்கியிருக்கிறது. எட்டே எட்டுப் பேருக்கு ஒரு விமானம். உலகத்தைச் சுற்றி மிருகங்களைப் பார்க்கிறார்களாம். இருபத்தொரு நாளில் ஒன்பது தேசம். நேற்றுக் காலையில் பனிக்கரடி, நாளை மத்தியானம் கொரில்லா."

"நடுவில் இங்கே என்ன?"

"இராத்திரிச் சாப்பாடு. அப்புறம் நீ."

"நானா? உன்னைப் பார்க்கவில்லையா?"

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டது. "என்னைப் போல எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்களாம். வேண்டாமாம். நான்தான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்."

யாரும் அதைக் கூப்பிடவே இல்லை. அழுங்கு அதைச் சுட்டிக்காட்டவில்லை. பக்கத்து வீட்டோடு பகை நல்லதில்லை.

அப்போது மரநாய் வந்தது. உடம்பில் ஒரு துரும்பு ஒட்டாமல் நக்கிச் சுத்தமாக வைத்திருந்தது. அது தோட்டத்துப் பங்களாவின் கூரைக்குள் குடியிருக்கும் மரநாய். பெரிய இடத்துப் பழக்கம் உள்ளது என்று அதுவே சொல்லிக்கொள்ளும்.

"அக்கா, உங்களுக்கு அதிர்ஷ்டம்தான் போங்கள்" என்றது. "விருந்தாளிகள் உங்களைப் பார்க்கப் பிரியப்படுகிறார்கள். குட்டியோடு."

"எனக்கு ஆளைக் கண்டால் ஆகாது, தம்பி."

"உங்களை வெளியே வா என்று யார் சொன்னார்கள்? வாசலிலேயே தட்டு வந்துவிடும். தட்டு நிறையக் கரையான் புற்று, உடைத்தது, சூடு ஆறாமல். நீங்கள் குட்டியை விட்டு ஓர் அடி நகர வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்கள். கதவை அடைக்கக் கூடாது."

"இராத்திரி முழுவதுமா?"

"அவர்கள் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. வந்து பார்த்து மண்ணாக இருந்தால் காத்திருக்க மாட்டார்கள். நேரம் இல்லாதவர்கள்."

"உனக்கு இதில் என்ன கிடைக்கிறது?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

மரநாய் தொண்டையைச் செருமிக்கொண்டது. "விமானத்தில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது. முடிவாகவில்லை. ஆனால் பங்களாக்காரர்கள் என்னை நடத்துகிற விதத்தைப் பார்த்தால் தெரிகிறது. தினமும் பழுத்த காப்பிப் பழமாகப் பொறுக்கி, வெள்ளிக் கிண்ணத்தில் வைக்கிறார்கள். எனக்குப் பேர்கூட வைத்திருக்கிறார்கள். ஆல்பர்ட்."

"மரநாய்க்கு ஆல்பர்ட்" என்றது முள்ளம்பன்றி.

"நான் காலையில் போகிற இடத்துக்குக்கூட ஓர் ஆள் பின்னாலேயே வருகிறான், அக்கா. நான் கழித்ததில் கிடக்கும் காப்பிக் கொட்டையை வெள்ளைத் துணியில் எடுத்து, கழுவி, வெயிலில் உலர்த்தி, டப்பாவில் போட்டுப் பூட்டுகிறான். சொந்தத் தாய்கூட எனக்கு அவ்வளவு செய்ததில்லை."

முள்ளம்பன்றி மூக்கைச் சுளித்தது. "எதற்கு?" என்றது.

"மரியாதைக்கு."

அழுங்கு இதையெல்லாம் சரியாகக் கேட்கவில்லை. தட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது. குட்டி உறக்கத்திலும் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.

"சரி" என்றது அழுங்கு.

விருந்தாளிகள் வந்தார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே நிறத் தொப்பி. அவர்களுடைய காலணி முள்ளில் மாட்டாமல் இருக்க, பங்களாவிலிருந்து அழுங்கின் வாசல் வரைக்கும் தோட்டத்து ஆள்கள் புதரை வெட்டி, கல்லைப் பொறுக்கி, பாதை போட்டுவிட்டார்கள். மடக்கு நாற்காலி போட்டார்கள். சிவப்பு விளக்கு வைத்தார்கள். தட்டும் வைத்தார்கள். அழுங்கு தின்றது. அதன் வால் ஓரத்தில் குட்டி எட்டிப் பார்த்தது. எட்டுப் பேரும் மூச்சை இழுத்தார்கள். ஓர் அம்மாள் சின்னப் புத்தகத்தில் ஒரு கோடு போட்டாள். ஒருவர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். அவர் பனிக்கரடியைப் பார்த்தபோதும் தூங்கினார் என்று மரநாய் சொன்னது. விடிவதற்குள் போய்விட்டார்கள். அந்தச் சத்தம் மேலே ஏறித் தேய்ந்தது.

அன்று குட்டி வயிறு முட்டப் பால் குடித்தது. அழுங்குக்கு அது போதும்.

ஐந்து நாள் கழித்து இன்னொரு கூட்டம் வந்தது. அதற்கு ஐந்து நாள் கழித்து இன்னொன்று. நடுவில் உள்ள நாள்களில் தட்டு வரவில்லை.

"தம்பி, தட்டு எங்கே?"

"இன்றைக்கு விருந்தாளி இல்லையே, அக்கா."

"அப்படியானால் கதவை அடைத்துக்கொள்ளட்டுமா?"

"ஐயோ, வேண்டாம். திடீரென்று வந்துவிட்டால்?"

ஆக, தட்டு சில நாள் வந்தது. கதவு எல்லா நாளும் திறந்திருந்தது.

மூன்றாம் கூட்டம் போய் மூன்று நாள் கழித்து, நடுநிசியில் பாதையில் காலடி கேட்டது. மெத்துமெத்தென்ற காலடி. தொப்பிக்காரர்கள் அப்படி நடப்பதில்லை. அழுங்கு மூக்கைத் தூக்கியது. சிறுத்தை வாடை.

மண்ணைத் தள்ள நேரமில்லை. குட்டியை வயிற்றுக்குள் வைத்து அழுங்கு சுருண்டது.

சிறுத்தை வளைக்குள் கையை விட்டு அந்தப் பந்தை வெளியே இழுத்துப் போட்டது.

"யார் சொல்லி இங்கே வந்தாய்?" என்றது அழுங்கு. குரல் செதிலுக்குள்ளிருந்து வந்தது.

"யாரும் சொல்லவில்லை. பாதை போட்டிருந்தது. வந்தேன்" என்றது சிறுத்தை. "முன்பெல்லாம் இந்தப் பக்கம் முள். காலில் குத்தும். இப்போது யாரோ நல்ல காரியம் செய்திருக்கிறார்கள்."

"உள்ளே ஒன்றுமில்லை."

"பால் வாசனை வருகிறதே."

சிறுத்தை அதை உருட்டியது. கடித்தது. நகத்தைச் செதில் இடுக்கில் விட்டு நெம்பியது. சரிவில் தள்ளிவிட்டு, கீழே ஓடிப்போய்ப் பிடித்தது. அழுங்கு திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறெதையும் அது நினைக்கவில்லை. வெளுக்கிற நேரத்தில் சிறுத்தைக்குத் தாடை வலித்தது.

"நாளைக்கு வருகிறேன். அவசரமில்லை, வீடுதான் தெரிந்துவிட்டதே" என்று சொல்லிவிட்டு, போட்ட பாதையிலேயே நடந்து போனது.

வெகுநேரம் கழித்து அழுங்கு மெல்லப் பிரிந்தது. குட்டி வால் அடியை நான்கு காலாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"போய்விட்டது. இறங்கு."

"மாட்டேன்."

அழுங்கு வாலை ஆட்டிப் பார்த்தது. நாலடி நடந்து பார்த்தது. பள்ளத்தில் இறங்கி ஏறிப் பார்த்தது. குட்டி விழவில்லை. இத்தனை உருட்டலில் விழாதது இனி எங்கே விழப்போகிறது?

வெயில் ஏறுவதற்குள் மரநாய் மூச்சிரைக்க வந்தது. "அக்கா, முடிவாகிவிட்டது. இன்றிரவு வருகிற விமானத்தில் நான் போகிறேன். என் பேரில் தனி இடம். நீங்கள் இன்றைக்கு ஒருநாள் மட்டும் கொஞ்சம் நன்றாக முகம் காட்டிவிடுங்கள்."

"சிறுத்தை வந்தது."

"விருந்தாளிகள் இருக்கும்போதா?"

"இல்லாதபோது."

"அப்படியானால் யாரும் பார்க்கவில்லை" என்றது மரநாய், ஆறுதலாக.

அழுங்கு அதன் முகத்தைப் பார்த்தது. "நான் வேறு இடம் போகிறேன், தம்பி."

"விருந்தாளிகள் பார்க்கிற பட்டியலில் உங்கள் பேர் இருக்கிறதே!"

"அடித்துவிடச் சொல்."

அன்று இருட்டியதும் அழுங்கு குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. பாதையைத் தொடவே இல்லை. முள்ளுக்குள் புகுந்து போனது. முள்ளம்பன்றியும் கூடவே வந்தது. துணைக்கு வரவில்லை என்றும், அந்தப் பக்கம் தனக்கு வேலை இருக்கிறது என்றும் அது இரண்டு முறை சொன்னது.

மண் ரோட்டைக் கடக்கிற இடத்தில் ஒரு ஜீப் நின்றிருந்தது. குறுக்கே விழுந்த கிளையை ஓட்டுநர் இழுத்துக்கொண்டிருந்தான். ஜீப்பின் பின்னால் ஒரு கூண்டு. கூண்டுக்குள் மரநாய். கூண்டின் மேல் ஆல்பர்ட் என்று சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே வெள்ளிக் கிண்ணம் இருந்தது.

"பார்த்தீர்களா, அக்கா, ஜன்னல் ஓரம்" என்றது மரநாய்.

"கம்பி எதற்கு?" என்றது முள்ளம்பன்றி.

"விமானம் சாயும்போது விழாமல் இருக்க."

"கீழே எதற்கு வலை, அதற்கு அடியில் தட்டு?"

"சொன்னேனே. அதை வீணாக்க மாட்டார்கள். போகிற இடத்தில் என்னைப் போல நாற்பது பேர் இருக்கிறார்களாம். எல்லாருக்கும் இதே வசதி. காலை, மதியம், இரவு, மூன்று வேளையும் காப்பிப் பழம்."

"வேறு ஒன்றும் தர மாட்டார்களா?"

மரநாய் கிண்ணத்தை மூக்கால் சற்றுத் தள்ளி வைத்தது.

அழுங்கு ஜீப்பின் அருகே போனது. "தம்பி, இந்தத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது?"

"வெளியே. நம் கையை ஏன் அழுக்காக்க வேண்டும் என்று அவர்களே போட்டார்கள்."

"என் நகம் கெட்டி. நெம்பிப் பார்க்கட்டுமா?"

மரநாய் கம்பியைப் பார்த்தது. ஓட்டுநரைப் பார்த்தது. தன் பேர் எழுதிய சீட்டைப் பார்த்தது. "வேண்டாம், அக்கா. கீறல் விழுந்துவிடும்" என்றது.

ஓட்டுநர் கிளையை ஓரத்தில் போட்டுவிட்டு வந்தான். அழுங்கும் முள்ளம்பன்றியும் புதருக்குள் ஒதுங்கின. ஜீப் நகர்ந்தது. அப்போது மரநாய் மூக்கைக் கம்பிக்கு வெளியே நீட்டியது.

"அக்கா" என்றது, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "இதை உள்ளே இருந்து எப்படித் திறப்பது?"

அழுங்கு வாயைத் திறப்பதற்குள் ஜீப் வளைவில் திரும்பிவிட்டது.

முள்ளம்பன்றி தன் வேலையை மறந்து அடுத்த சரிவு வரைக்கும் வந்தது. அங்கே யாரும் பாதை போடாத ஒரு பாறை அடியில் அழுங்கு வளை தோண்டியது. தோண்டும்போதே கரையான் கிடைத்தது. நின்று, வயிறு நிறையத் தின்றது. முதுகுப்பக்கம் குட்டி தொங்கிக்கொண்டு தூங்கியது.

"பட்டியலில் ஓர் இடம் காலியாகத்தானே இருக்கும்" என்றது முள்ளம்பன்றி, பொதுவாக.

"போய்க் கேட்டுப் பாரேன்."

"எனக்கென்ன தலையெழுத்தா?" என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றி வீட்டுக்குப் போனது.

காட்டுக்கு மேலே அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. குட்டி விழித்தது.

"அம்மா, அது என்ன?"

இம்முறை அழுங்குக்குத் தெரியும். "விமானம்" என்றது. "ஆல்பர்ட் போகிறான்."

பிறகு அது வளைக்குள் இறங்கி, குட்டியைச் சுவரோரம் படுக்க வைத்து, திரும்பி நின்று, ஈர மண்ணை வாரி வாரித் தள்ளி, ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாத அளவுக்கு உள்ளே இருந்து வாசலை அடைத்தது.

தாழ்ப்பாள் நம் கையில் இருந்தால் மண் வளையும் வீடு. பிறர் கையில் இருந்தால் வெள்ளிக் கிண்ணம் வைத்தாலும் அது கூண்டுதான்.